மெதுவான பகுதி
சகாயராஜ் வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்தில் மூட்டை இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் செல்லோ வாசிப்பான். வயலின் இரண்டு, வயோலா ஒன்று, அவனோடு நாலு பேர். முதல் வயலின் பிலோமினா. புதன்கிழமை நாகர்கோவிலில் அவளுக்குக் கல்யாணம். இனி அந்த ஊர்தான் அவளுக்கு. ஊருக்குக் கூட்டிப்போக வேன் வாசலில் நின்றது. மூன்று வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நடுவில் வரும் மெதுவான பகுதியில் மட்டும் செல்லோ கேட்கும், முதல் வயலின் பதில் சொல்லும். இன்று அதை முடியவிடாமல் இழுத்தான்.

"இன்னாபா, பொணம் தூக்கினு போற மாதிரி இழுக்கிற? கல்யாணப் பொண்ணு கெளம்ப வேணாமா?" என்றான் வயோலா விக்டர், வாசித்துக்கொண்டே.

"தோள் வலிண்ணே. நேத்து பூரா சக்கர மூட்ட."

"வலி தோள்லதானா?"

இரண்டாம் வயலின்காரர் சிரித்துவிட்டார். பிலோமினா நிமிரவில்லை.

அந்தப் பகுதியின் கடைசியில், முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி இசைத்தாளில் இரண்டு புள்ளிகள் அச்சிட்டிருக்கும். அவர்கள் ஒருநாளும் அதை மதித்ததில்லை. யாருக்கு நேரம் இருக்கிறது? விக்டர் வழக்கம்போல அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டான். வெளியே அவள் அண்ணன் ஹாரனை அழுத்தினான். பிலோமினா தந்தியை விட்டு வில்லை எடுக்காமல் மறுபடி அந்தப் பகுதியின் முதல் வரிக்குப் போனாள், சகாயராஜ் இழுத்ததைவிட மெதுவாக.