வலது கையைக் கழுவுவது எப்படி

மனிதனுக்கு இரண்டாவது கை என்பது வெறும் ஆடம்பரம்.

கேக் மாஸ்டர் இந்த உண்மையை பேக்கரி சமையலறையின் வாசலில், கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, தொப்பியைச் சரிசெய்தபடி அறிவித்தார். தொப்பியைச் சரிசெய்தது ஒரே கைதான் என்பதை எல்லோரும் கவனிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் என்றால், மாவு பிசைகிற இரண்டு பேரும் சோப்பு மேடமும்.

சோப்பு மேடத்துக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். கொரோனா அடங்கிக் கடை திறந்தபோது, சுத்தம் பார்ப்பதற்கென்றே முதலாளி வேலைக்கு வைத்த பெண். பிறகு முகக்கவசம் போயிற்று, வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவி போயிற்று. இவள் மட்டும் நிலைத்துவிட்டாள்.

மாஸ்டர் மறுபடி வேலைக்கு வரும் முதல் நாள் இது. ஊரே இருமலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாதத்தில், அவருக்கு மட்டும் பக்கவாதம் வந்தது. கால் ஆறு மாதத்தில் சமாதானத்துக்கு வந்தது. இடது கை வரவில்லை. முஷ்டியை மடக்கிக்கொண்டு நெஞ்சோரமாக ஒட்டிக்கொண்டது.

அவரும் விட்டுவிட்டார். வராதவனைக் காலில் விழுந்தா கூப்பிடுவார்கள்?

இரண்டு வருடம் வீட்டில் ஒற்றைக் கையால் பழகினார். முட்டை உடைத்தார். க்ரீம் பையை உயரமான டம்ளரில் நிற்கவைத்து நிரப்பினார். கேக் சுற்றும் மேசையைத் தொப்பையால் தள்ளித் தள்ளிச் சுற்றினார். தொப்பையை அவர் கைகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. க்ரீம் ரோஜா முன்பைவிடச் சன்னமாக விழுந்தது. அவற்றையெல்லாம் வீணாக்காமல் தின்றதில் அவர் மனைவி நாலு கிலோ ஏறியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் கைபேசியில் பக்கவாதக்காரர்களுக்கான பயிற்சிக் கூட்டம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் நடக்கிறது. எட்டுக் கட்டத்தில் எட்டு முகம், எட்டு மடங்கிய கை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், "கண்ணு, அம்மா சொல்றேன்ல, விரலைத் திற பாப்போம்" என்று தன் கையிடம் கெஞ்சுவார். லாரி ஓட்டியவர் தன் கையை மிரட்டுவார். மாஸ்டர் கேமராவை அணைத்துவிட்டு, இரண்டு பேர் குரலிலும் மனைவிக்கு நடித்துக் காட்டுவார்.

அவள் சிரித்து முடித்து, "நீங்களும் ஒரு வார்த்தை பேசித்தான் பாருங்களேன்" என்பாள்.

"கையோட பேசறதுக்கு நான் என்ன லூசா?"

"மாஸ்டர், கை கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள் சமையலறை வாசலில் சோப்பு மேடம். இருபது விநாடி எண்ணக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தாள்.

முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார். மேடம் டிக் போட்டால் க்ரீம் மேசை. போடாவிட்டால் முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியருகே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். முப்பது வருடம் கேக் செய்தவர், கேக்குக்குப் பக்கத்தில் பொம்மையாக.

மாஸ்டர் குழாயைத் திறந்தார். மடங்கிய விரல்களை வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நெம்பி, உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாம் தேய்த்தார். ஒரு வேலையும் செய்யாத அந்தக் கை பளபளவென்று ஆயிற்று. விட்டதும் மறுபடி முஷ்டி.

"ஆச்சு."

அவள் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இரண்டு கைகள். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பார்வை.

"அந்தக் கையை இந்தக் கை கழுவிடுச்சு. இந்தக் கையை யாரு மாஸ்டர் கழுவுவா?"

மாவு பிசைவது நின்றது.

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீரில் காட்டி, உதறி, துண்டில் துடைத்தாயிற்று. இது எப்படித் தோன்றாமல் போனது? வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்நுனிகள் உள்ளங்கைக்கு வந்தன. புறங்கைக்கு வரவில்லை. கட்டைவிரலை வளைத்துப் பார்த்தார். தொப்பையைக்கூட ஒரு கணம் யோசித்தார். உலகத்தில் எதை வேண்டுமானாலும் தொடுகிற கைக்குத் தன் முதுகைத் தொட வழியில்லை.

கையுறை? கழுவிய பிறகுதான் கையுறை.

"நான் வேணா தேய்ச்சு விடட்டுமா?"

"தினம் பத்துத் தடவை தேய்ப்பியாம்மா?"

இடது முஷ்டியைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தார். உள்ளங்கை மட்டும் விரிந்து நின்றால் போதும், அதன்மேல் புறங்கையைத் தேய்த்துக்கொள்ளலாம். நெம்பினார். விட்டதும் மூடியது. அழுத்தி நெம்பினார். இன்னும் இறுக்கி மூடியது. அவருக்குக் கோபம் ஏற ஏற, அதற்கும் ஏறியது.

குழாயை முழுசாகத் திருகினார். தண்ணீர் இரைச்சல் நன்றாக எழுந்ததும், அடைப்பு ஏதோ பார்க்கிறவர் மாதிரித் தொட்டிக்குள் குனிந்தார்.

"டேய்" என்றார் மெதுவாக. முஷ்டி அசையவில்லை.

"மச்சான், கோவமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்டா."

சுண்டுவிரல் மட்டும் லேசாக விட்டது.

அவர் மூச்சை வெளியே விட்டார். தோள் தளர்ந்தது. சோப்பு வழிகிற வலது புறங்கையை அந்த விரலருகே கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் வைத்தார். அடுத்த விரல் விட்டது. அதற்கடுத்தது. பாதி திறந்த உள்ளங்கையில் புறங்கை உரசியது, ஒரு தடவை, இரண்டு தடவை.

"அப்படித்தான் கண்ணு. இன்னும் கொஞ்சம், கண்ணு."

சோப்புத் தேய்க்கும்போது தண்ணீரை ஓடவிடக் கூடாது என்பது கடை விதி. சோப்பு மேடம் குழாயை எப்போதோ மூடியிருந்தாள்.