ஒன்பது கோலிகள் அதிகம்

இருபத்திரண்டு வருடமாக ஒரே அதிபர். அந்த நாட்டில் வாக்கென்றால் விரும்பும் கட்சியின் பீப்பாய்க்குள் ஒரு கோலி. விழுந்ததும் உள்ளே மணி அடிக்கும். ஐந்து மணிக்கு அதிகாரி நியிமா வாக்குச்சாவடியைப் பூட்டிய பிறகும் எதிர்க்கட்சிப் பீப்பாயில் ஒன்பது முறை மணி அடித்தது. வாக்களித்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணினால் கோலிகள் முந்நூற்று இருபத்தொன்று. ஒன்பதில் மட்டும் ஈரமண் ஒட்டியிருந்தது.

"ஒன்பதைத் தூக்கிப் போடுக்கா," என்றான் சிப்பாய் கெப்பா.

"இந்த ஊர்லேருந்து ஒன்பது பேரை ஜீப்புல ஏத்திட்டுப் போனீங்களே, திரும்பி வந்தாங்களா? அவங்கள்ல யாரோட ஓட்டைத் தூக்கிப் போடணும்? பேரைச் சொல்லுடா!"

நியிமா உள்ளபடியே எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் அதிபர் தோற்றார். நாடெங்கும் ஒவ்வொரு சாவடியிலும் கோலிகள் அதிகமாக இருந்தன. ஓர் அதிகாரிகூடக் குறைத்து எழுதவில்லை.