மர்லியாவின் முழங்கால்

லிஃப்ட் யாருக்கு என்று அளவெடுக்க வந்த சுஜன் கேட்டதும், என் மனைவிக்கு என்றேன்.

"மர்லியாவுக்கு முழங்கால் வருத்தம் தம்பி. படி ஏற ஏலாது, பாவம்" என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துவிட்டேன்.

பொய்தான். படி ஏற முடியாதவன் நான்.

ஐந்து மாதத்துக்கு முன் இடுப்பை உடைத்துக்கொண்டேன். எங்கேயாவது மலைச்சரிவில் உருண்டிருந்தால் சொல்லிக்கொள்ள மரியாதையாக இருந்திருக்கும். நான் விழுந்தது என் மெத்தைக் கடை வாசலில், ஒரே ஒரு படியில், தெருவில் போன ஒருவருக்குச் சலாம் சொல்லப்போய். உள்ளே இருபது மெத்தைகள் அடுக்கியிருந்தன. ஒன்றின்மேலாவது விழத் தெரியவில்லை எனக்கு.

அன்றிலிருந்து வீடு மேலே, நான் கீழே. கடையின் பின்னறையில், விலைபோகாத ஒரு மெத்தையில் படுக்கை. மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு வேளைத் தேநீரும் மர்லியா கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போவாள்.

இந்தக் கதை பதுளை பஜார் முழுக்கத் தெரியும். வெளியூரிலிருந்து அளவெடுக்க வருகிற ஒருவருக்காவது தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் ஊன்றி நடக்கும் வாக்கரை மெத்தைகளுக்கு நடுவில் செருகினேன். நல்ல சட்டை போட்டு, கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சுஜனுக்கு நாற்பது வயதிருக்கும். பண்டாரவளைக்காரர், கொழும்புக் கம்பனியில் வேலை. அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிட்டார். இரண்டு படங்களை என் முன்னால் வைத்தார்.

ஒன்று, படி நாற்காலி. படியோரமாக ஒரு தண்டவாளம் பூட்டுவார்கள், அதில் நாற்காலி ஊர்ந்து ஏறும். எதையும் உடைக்க வேண்டாம். கரன்ட் போனாலும் பற்றரியில் ஓடும்.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் படி கடைக்குள்ளேயே அல்லவா ஏறுகிறது? தெமோதரையிலிருந்து மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க வந்தவர்கள் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே முதலாளி பெல்ட் போட்டுக்கொண்டு, தேயிலைக் கொழுந்து மூட்டை மாதிரி, மெதுவாக மேலே போவார். அவர்களுக்குக் கையசைக்க வேண்டுமா, கூடாதா? அதையே இரண்டு இரவு யோசித்திருந்தேன்.

மற்றது, வீட்டு லிஃப்ட். கண்ணாடிப் பெட்டி. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. ஆனால் மேல்தளத்தை வெட்ட வேண்டும். அதற்குத் தோதான ஒரே மூலை, நான் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் மூலை.

"கல்லாவ அங்கிட்டு நகத்திட்டா முடிஞ்சது நானா" என்றார் சுஜன், ஏதோ தலையணையை நகர்த்துவது போல.

முடியாது என்றேன். தெருவை நேராகப் பார்க்கும் மூலை இது. யார் எந்தக் கடைக்குள் போகிறார்கள், யார் கையில் பை இல்லாமல் திரும்புகிறார்கள், எல்லாம் இங்கிருந்தே எனக்குத் தெரியும். இந்தப் பஜாரில் என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

சிரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்தார். படியைப் பார்ப்போம், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார். வியாபார நேரம், நான் எழும்ப முடியாது என்றேன். கடையில் ஈ காக்காய் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் நாடா இழுபடும் சத்தம் கேட்டது. மர்லியா தேநீரோடு இறங்கினாள் போல. இருவரும் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது சுஜன் சிரிக்கவில்லை.

"படி நாற்காலி சரிவராது நானா. அக்காவுக்கு வலது முழங்கால் மடங்கவே இல்ல. அதுல உக்கார மாட்டாங்க. இந்தக் காலோட எப்புடி இவ்வளவு நாளா ஏறி எறங்குறாங்க?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, நிலைமையைப் புரிந்துகொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு இதாவது மிஞ்சியதே.

சுஜன் வாசலுக்குப் போய்க் கூரையின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்லியா தேநீரைக் கல்லாவில் வைத்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நல்லா நடிச்சிட்ட."

"என்ன நடிப்பு?"

"முழங்கால்."

மர்லியா என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபம் இல்லை.

"நோம்புப் பெருநாளையிலருந்தே இப்பிடித்தானே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

காலையில் வைத்த வெறுங்கோப்பையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெத்தைகளுக்கு நடுவிலிருந்து வாக்கரை இழுத்தெடுத்தேன். இரண்டு மெத்தைகள் சரிந்து விழுந்தன. எழுந்து, நின்று, திரும்பினேன். சுஜன் வாக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மர்லியா நாலாவது படியில் இருந்தாள். ஒரு கையில் தட்டு, ஒரு கை சுவரில். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது காலை வைத்து, வலது காலைப் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. இன்னும் பதினைந்து படிகள் இருந்தன.

"தம்பி, லிஃப்டுக்குக் கல்லா மூலையிலேயே கோடு போடுங்க" என்றேன். "நாங்க ரெண்டு பேர்."

படியின் வளைவில் அவள் நின்றாள். தட்டை மேற்படியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது.