கடைசி வயல்

சின்னதுரை, நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். ஓடாத மோட்டார்களைப் பிரித்துச் செம்புக்கம்பி எடுப்பது அவரும் மனைவி பெரியநாயகியும் சேர்ந்து செய்கிற வேலை. வளையமாதேவியில் பயிர்வைத்த கொல்லை நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபின் இதுதான் பிழைப்பு.

அந்தக் கொல்லைக்குத் தண்ணீர் இறைத்த மோட்டாரை மட்டும் வெகுநாள் தொடாமல் வைத்திருந்தார்கள். இன்று காலை அதையும் பிரித்தார்கள். சின்னதுரை ஒரு பக்கக் கம்பியை உளியால் வெட்டினார். மறுபக்கத்தில் கொக்கி மாட்டி இழுத்ததும் மொத்தமும் வந்துவிட்டது. வெறும் இரும்புக்கூட்டை வாசலில் போட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"த்ரீபேஸ் கரண்டு வந்துடுச்சி. போயி மடைய மாத்திட்டு வாங்க," என்றார் பெரியநாயகி, பழக்கத்தில்.

சின்னதுரையும் பழக்கத்தில்தான் கைகழுவி, மண்வெட்டியோடு வண்டியில் கிளம்பினார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் பெரியநாயகிக்கு உறைத்தது. கொல்லை இருந்த இடம் இப்போது பெரும்பள்ளம்.

வாசலுக்கு வந்து கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. கூடு சூடாக இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அது நின்றது. சற்று நேரத்தில் சின்னதுரை வந்தார். முழங்கால்வரை சேறு.

"கடைசி வயலுக்கும் தண்ணி பாஞ்சிடுச்சி," என்றபடி காலைக் கழுவினார். "களைதான் மண்டிக்கெடக்குது. நாளைக்கு நீயும் வா."