வளராத விரல்

"சார், இந்த ரேகையை எங்க எடுத்தாங்க?"

கேட்கவே கூடாத கேள்வி. இடம் தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று, நான் கைரேகைப் பிரிவில் சேர்ந்த அன்றே இதே இயக்குநர்தான் சொன்னார். என் கீழே வேலை செய்பவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன்.

"பிரிவைப் பாக்குற நீயே கேட்டா எப்படிம்மா?"

"இது என் தம்பி சார்."

ஆறு வயதில் காணாமல் போனவன். அவன் தம்ளரிலிருந்து அன்று எடுத்த கட்டைவிரல் ரேகை எங்கள் கணினியில் இருக்கிறது. கைநாட்டுக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கியதே அவனைத் தேடத்தான்.

இன்று வந்த ரேகையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, அவனுடையதுதான் என்றார்கள். நானும் பார்த்தேன். ரேகை மாறாது, ஆனால் விரல் வளரும். இருபது வருடம் கழித்தும் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார்ந்தன.

"பழைய ரேகையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து பெயின்ட் அடிச்ச கதவும்மா. உள்பக்கம், இடுப்பு உயரத்துல. பூட்டின வீட்டுக்குள்ள குழந்தை அழுவுதுன்னு புகார். திறந்து தேடியாச்சு. யாருமே இல்ல."

"போலீஸ் பூட்ஸ் சத்தத்துக்கு எந்தப் பிள்ளை சார் வெளிய வரும்? அக்கா கூப்பிட்டா வருவான். முகவரி சொல்லுங்க."

சொன்னார். அடையாள அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். வழியில் அவனுக்குச் செருப்பு வாங்க வேண்டும். ஆறு வயது அளவில்.