டம்ளரில் வெட்டிய பேர்

"எம் புள்ளைக்கு என்னா ஆச்சி? அத மொதல்ல சொல்லு தம்பி!"

யூனிபார்மோடு வந்து நின்ற ஹவில்தார் செம்பியனை வாசலிலேயே மறித்துக் கேட்டாள் கொளஞ்சியம்மாள். மகன் இளவரசு எல்லையில் இருக்கிறான். அங்கே சண்டை. நாலு நாளாகப் போன் இல்லை. சிதம்பரத்திலிருந்து திருவந்திபுரம் வரைக்கும் பட்டாளத்துக்காரன் தேடி வந்தால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"இளவரசு நல்லாருக்கான்க்கா. நான் வந்தது உங்க வீட்டுக்காரர் விஷயமா."

"அவரு பட்டாளத்துல காணாமப்போயி இருவத்தாறு வருஷமாவுது. சண்டைக்குப் பயந்து ஓடிட்டாருன்னு ஊரே பேசி முடிச்சாச்சி. இப்ப என்னா புதுசா?"

"ஓடலக்கா. அந்தச் சண்டையிலயே செத்துப்போயிருக்காரு. இப்ப அதே மலையில பதுங்குகுழி தோண்டுறப்ப எலும்பு கெடச்சிது. நாளைக்குப் பெட்டி வருது."

பெட்டி! அடப்பாவிகளா, புருஷன் பேரைச் சொல்லி மகனையல்லவா கொண்டுவருகிறார்கள்!

"பெட்டியத் தொறந்து காட்டுவீங்களா?"

"சீல் வச்சிருக்குக்கா."

"அப்ப எம் புள்ளையப் பேசச் சொல்லு."

"இப்ப முடியாதுக்கா" என்று செம்பியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எலும்புல பேரா எழுதியிருக்கு? அவருதான்னு எப்பிடித் தெரிஞ்சிது?"

"கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்துச்சி. அதுல 'கொளஞ்சியம்மாள்'னு உங்க பேர் வெட்டியிருக்கு. தமிழ் தெரியாத ஆபீசருங்க, எதிரியோட ரகசிய எழுத்தோன்னு மொதல்ல மெரண்டுட்டாங்க."

அவளுடைய கல்யாணச் சீர் டம்ளர். மொத்தம் ஆறு, ஆறிலும் அவள் பேர். ஒன்றைப் புருஷன் எடுத்துப்போனது உண்மைதான். ஆனால் போன லீவுக்கு வந்த இளவரசுவும் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனானே!

கொளஞ்சியம்மாள் செம்பியனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

"பொய்யி! தமிழ் தெரியாத கூட்டத்துல அதப் படிச்சிச் சொன்னது யாரு? பேரச் சொல்லு!"

செம்பியன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"இளவரசுதான்க்கா. குழி தோண்டுனதும் அவன்தான். 'எங்கப்பாவ நான்தான் தோண்டி எடுத்தேன்னு எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க'ன்னு போன்ல கெஞ்சிட்டு, பெட்டியோட பிளைட்டுல வந்துக்கிட்டிருக்கான்."