திரையில் இல்லாத தொட்டி

"இந்தா பாரு! தெரு எப்டி பளிச்சுனு கீது பாரு!"

கோதண்டம் கூவியபோது, அவருடைய காரின் முன்பலகையில் பொருத்தப்பட்டிருந்த அகன்ற திரையில் ஒரு தெரு தெளிவாக ஒளிர்ந்தது. மெக்கானிக் எவரையும் அண்டாது, விடுமுறை நாட்களையெல்லாம் செலவிட்டு, தம் கையாலேயே அவர் மாட்டிய திரை அது. வேலை முடிந்த பின்னர் ஒரு டீ டம்ளர் நிறையத் திருகாணிகள் மீந்தன என்பது வேறு செய்தி.

காலடிப்பேட்டையின் அந்தச் சந்தில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவரே. காருக்குப் பின்னே, தெருவினர் அனைவருக்கும் பொதுவான கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நின்றது. ரிவர்ஸ் எடுக்கையில் அதனை அவர் ஏற்கெனவே இருமுறை இடித்திருந்தார்.

"இன்னொரு வாட்டி தொட்டி மேல பட்டுச்சு, உன் காரு இந்தத் தெருவுல நிக்கக் கூடாது" என்று எதிர்வீட்டுக் காத்தூன் பீவி தெருவின் சார்பில் தீர்ப்பு வழங்கியிருந்தார். காரை நிறுத்த வேறிடம் கோதண்டத்திற்கு இல்லை; விற்பது ஒன்றே வழி. ஆகவே பிறந்தன, பின்னே ஒரு கேமராவும் முன்னே இத்திரையும்.

பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த மனைவி அங்கம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"நான் எறங்கிப் பின்னாடி நின்னு சொல்றேன்யா. எப்பவும் அதான பண்ணுவோம்?"

"நீ சொல்லித்தான் ரெண்டு வாட்டி இடிச்சேன். கம்முனு குந்து. ஹார்பர்ல அம்மாம் பெரிய கண்டெய்னரையே ஸ்க்ரீனைப் பாத்து எறக்குறவன் நானு. ஸ்க்ரீன்ல கீறது கீது, இல்லாதது இல்ல. அவ்ளோதான்!"

"அது சரி, பின்னாடி கீற கேமராவுக்கு வயரு எங்க?"

"வயரே கெடயாது. படம் காத்துலயே வருது. கடையில ரெண்டே பீஸுதான் இருந்துச்சு. ஒண்ண நான் அமுக்கிட்டேன்."

பிரித்தெடுத்த பலகைகளும் அட்டைப்பெட்டிகளும் பின்னிருக்கையில் குவிந்து, பின்கண்ணாடியை முற்றிலும் மறைத்திருந்தன. திரை இருக்கையில் இவை எதற்கு என்று, பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கோதண்டம் மடக்கிவிட்டார். ஏசியும் பாட்டும் முழங்க, கார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

"யோவ், செவுத்து மேல மஞ்சப் பொடவை காயுதே. நம்ம தெருவுல யாருதுய்யா அது?"

"ஊரான் வூட்டுப் பொடவை உனக்கெதுக்கு? ரோடு காலியா கீதா, அதப் பாரு."

உண்மையில் திரையில் சாலை காலியாகவே இருந்தது. அதன்மீது பச்சைக் கோடுகள் நேர்த்தியாக நீண்டு கிடந்தன. அவ்வேளையில் யாரோ காரின் முதுகில் படபடவென்று தட்டினர்.

"பாத்தியா, கை தட்றானுங்க!" என்று மகிழ்ந்த கோதண்டம், ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினார். மறுகணம் 'டமால்' என்றொரு பேரோசை எழுந்தது.

அவர் இறங்கிப் பார்த்தபோது தொட்டி அடியோடு பிளந்திருந்தது. காலையில்தான் லாரி நிரப்பிச் சென்ற நீர் முழுதும் தெருவில் பெருக்கெடுத்தது. கணுக்காலளவு நீரில் இடுப்பில் கைவைத்து நின்றார் காத்தூன் பீவி.

"சொன்ன சொல்லு ஞாபகம் கீதுல்ல? எடு வண்டிய. போய்க்கினே இரு."

"எதுக்குக்கா போவணும்? உள்ள வந்து பாருங்க. ஸ்க்ரீன்ல தொட்டியே இல்ல!"

தெருவினர் ஒருவர் பின் ஒருவராகக் காருக்குள் தலையை நீட்டினர். அவர் கூறியது மெய்யே. திரையில் தொட்டி இல்லை. உடைந்த துண்டு இல்லை. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"தண்ணி என் காலை நனைச்சிகினு கீது. உன் ஸ்க்ரீன் எப்டிடா காஞ்சி கெடக்குது?"

"அப்போ உங்க காலுலதான்கா எதுனா கோளாறு."

கூட்டத்தில் குழப்பம் நிலவியது. அத்தெருவின் ஒரே பட்டதாரியாகிய எழிலன், திரையை நெடுநேரம் ஆராய்ந்து தொண்டையைச் செருமினான்.

"தொட்டி கறுப்புக்கா. கேமராவுக்குக் கறுப்பு தெரியாது."

இவ்விளக்கம் சபையில் நன்கு எடுபட்டது.

"அதான பாத்தேன்! கறுப்புல வச்சவன் மேலதான் தப்பு" என்றார் ஒருவர்.

"கோதண்டம் பாவம்பா, அவர் இன்னா பண்ணுவாரு? அடுத்த தொட்டி வெள்ளையா கேட்டு வாங்கணும்" என்றார் மற்றொருவர்.

காத்தூன் பீவி தம் நனைந்த காலையும் காய்ந்த திரையையும் மாறி மாறி நோக்கினார். இறுதியில் திரையே வென்றது.

"சரி, போனாப் போவுது. காரு இங்கயே நிக்கட்டும்."

கோதண்டம் அங்கம்மாவை நோக்கி வெற்றிப் புன்னகை பூத்தார். அத்தருணம், அடுத்த தெருவில் வசிக்கும் ஹென்றி, மடித்துக் கட்டிய லுங்கியுடன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயோ, தொட்டி பூட்ச்சா? வண்டிக்குள்ள குந்திகினு 'நிறுத்து, நிறுத்து'ன்னு தொண்டை கிழிய கத்துனேன்பா!"

"அடுத்த தெருவுல குந்தியிருந்த உனக்கு எப்டி நைனா தெரிஞ்சுது?" என்று வினவினார் காத்தூன் பீவி.

"கடையில மீந்த அந்த இன்னொரு பீஸ நேத்துதான்கா நானே மாட்டுனேன். என் காரு ஸ்க்ரீன்ல உங்க தொட்டிதான்கா தெரிஞ்சுது!"